வெட்டிவேர் நடப் போகிறீர்களா? வேருக்கா, வரப்புக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கோடை வந்ததும் மண்பானையில் போட ஒரு கைப்பிடி வெட்டிவேர் வாங்குகிறோம். அந்த வாசனையில் மயங்கி, "இதை நம் தோட்டத்திலேயே வளர்த்தால் என்ன?" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. ஐப்பசி மழையில் வரப்பு கரைந்து போவதைப் பார்த்துவிட்டு இதே புல்லைத் தேடி வருபவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் புல் ஒன்றுதான், ஆனால் நடும் இடம், இடைவெளி, பராமரிப்பு எல்லாமே வேறு. ஒருவருக்கு வேர் வெளியே வர வேண்டும், இன்னொருவருக்கு அது என்றைக்கும் மண்ணுக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் புரியாமல் நட்டு, ஒன்றரை வருடம் கழித்து வேருக்காக வரப்பையே தோண்டிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலம் பண்ருட்டிப் பக்கம், முந்திரியும் பலாவும் நிற்கும் செம்மண் மேடு. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடலூர்க் கடற்கரை. அங்கே நொச்சிக்காடு, தியாகவல்லி போன்ற ஊர்களில் மணலில் வெட்டிவேரைப் பயிராகவே செய்கிறார்கள். அங்கிருந்துதான் முதல் நாற்றை எடுத்து வந்தேன். மேட்டில் வரப்புக்காக நட்டேன், கிணற்றடியில் சாக்குகளில் வேருக்காகவும் வைத்தேன். இரண்டிலும் கிடைத்த அனுபவத்தைத்தான் கீழே சொல்கிறேன்.

புல்லின் குணம்

இதன் தாவரவியல் பெயர் கிரைசோபோகன் சிசானியாய்டிஸ். பழைய நூல்களில் வெட்டிவேரியா சிசானியாய்டிஸ் என்று இருக்கும். அந்தப் பழைய பெயரிலேயே நம் சொல் இருப்பதைக் கவனியுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட 'வெட்டிவேர்' அப்படியே ஆங்கிலத்துக்கும் போய், இன்று உலகம் முழுக்க வாசனைத் திரவியக் கடைகளில் அந்தப் பெயரில்தான் விற்கிறது. மலையாளத்தில் ராமச்சம், இந்தியில் கஸ். கஸ்கஸ் என்று கேட்டுவிட்டால் மளிகைக் கடையில் கசகசாவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அது வேறு செடி.

கரும்பு, சோளம், எலுமிச்சைப் புல் எல்லாம் இதற்கு நெருங்கிய சொந்தம். அந்தக் கூட்டத்துக்கே உரிய வெயில் ஆசை இதற்கும் உண்டு. வெயில் எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவு செழிக்கும், நிழலில் சோர்ந்து மெலிந்துவிடும். இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் முந்திரி மரங்களுக்கு நடுவே போகும் வரப்பில் வரிசையாக நட்டேன். வெயில் விழுந்த இடத்தில் இடுப்பளவு வளர்ந்தது. மரக்கிளை கவிந்த இடத்தில் ஐந்தாறு இலையோடு நின்று, அடுத்த கோடைக்குள் காணாமல் போனது. மழைநீர் சரியாக அந்த இடைவெளியைத் தேடிப் பிடித்து வரப்பை அறுத்துக்கொண்டு ஓடியது.

வெட்டிவேர் குத்தாக வளரும். நல்ல குத்து ஆள் உயரத்தைத் தொடும். அருகம்புல்லைப் போலவோ கோரையைப் போலவோ தரைக்கடியில் ஓடிப் பரவாது. தென்னிந்தியாவில் பயிரிடும் வகை அரிதாகத்தான் பூக்கும், பூத்தாலும் முளைக்கும் விதை பிடிக்காது. அதனால் வைத்த இடத்தில் இருக்கும், பக்கத்து வயலுக்குப் போகாது. வட இந்தியாவில் ஆற்றோரச் சதுப்புகளில் தானாக வளரும் வகை பூத்து விதை விடும். தோட்டத்துக்கு அது வேண்டாம்.

வேர்தான் இதன் முக்கியமான குணம். மற்ற புற்களின் வேர் பக்கவாட்டில் பாயும், இது நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் முதல் வருடத்திலேயே 2 முதல் 3 மீட்டர் வரை போய்விடும். ஒவ்வொரு வேரும் நூல் போலத்தான் இருக்கும். ஆனால் அதன் இழுவிசைத் தாங்குதிறன் சாதாரண இரும்புக் கம்பியின் திறனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான நூல்கள் மண்ணைத் தைத்துக்கொண்டு நிற்பதாக நினைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் பரவாததால், ஓரடி தள்ளி நிற்கும் பயிரோடு அதிகம் போட்டி போடாது.

இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். புதிதாகக் குருத்து விடும் அடித்தண்டு மண் மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கிறது. ஆடு மேய்ந்தாலும், மேலே தீப்பிடித்து எரிந்தாலும், வண்டி ஏறிப் போனாலும் மறுபடி துளிர்த்துவிடும். மண் வந்து மூடினால் புதைந்த கணுவிலேயே வேர் விட்டு மேலே ஏறும்.

முதல் வேலை: எதற்கு என்று முடிவு செய்வது

ஒரு காகிதத்தில் நிலத்தை வரைந்து, தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். மண் அரிக்கும் இடங்கள், வரப்பு உடையும் இடங்கள், குளக்கரை, வாய்க்கால் ஓரம் எல்லாம் வரப்பு நடவுக்கு. அங்கே நட்ட குத்தை வேருக்காகத் தொடவே கூடாது. சரிவில் நட்ட வெட்டிவேரைத் தோண்டினால், மண்ணைப் பிடித்திருந்த பிடியை அவிழ்த்து மழையிடம் கொடுத்த மாதிரி. உலகில் வெட்டிவேர் எண்ணெய் அதிகம் வரும் நாடு ஹைத்தி. அங்கே மலைச்சரிவுகளில் வேருக்காகத் தோண்டித் தோண்டி மண் அரிப்பு மோசமானது, மண்ணைக் காக்கும் புல்லாலேயே மண் போனது. வேர் வேண்டுமென்றால் சமமான, தண்ணீர் அரிக்காத மணல் நிலத்தில் தனியாக நடுங்கள். நிலம் இல்லையென்றால் சாக்கு போதும்.

நாற்று தேடுவது

விதை கிடையாது என்பதால் தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவரிடம் நேரில் போய், குத்தைப் பார்த்து வாங்குவது நல்லது. எலுமிச்சைப் புல்லை வெட்டிவேர் என்று கொடுப்பதும் நடக்கிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம். இலையைக் கசக்கி முகருங்கள். எலுமிச்சை வாசனை வந்தால் அது வேறு புல். வெட்டிவேர் இலையில் வாசனையே இருக்காது, எல்லாம் வேரில்தான். அடித்தூரைப் பாருங்கள், இலையுறைகள் விசிறி மடித்தது போலத் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும்.

வேர் வியாபாரம் செய்ய நினைப்பவர்கள் லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் வெளியிட்ட ரகங்களை விசாரிக்கலாம். கேசரி, குலாபி, தாரிணி, கே.எஸ். 1 என்று பல இருக்கின்றன. தாரிணி மண்ணைப் பிடிப்பதற்குப் பெயர் போனது. வீட்டுத் தேவைக்கும் வரப்புக்கும் உள்ளூர் வகையே தாராளம்.

எவ்வளவு வாங்குவது? வரப்பில் அரை அடிக்கு ஒன்று நட வேண்டும், அதனால் 100 அடி வரிசைக்கு 200 நாற்று. மொத்தமாக வாங்கப் பணம் இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். 30 நாற்றை வளமான இடத்தில் தள்ளித் தள்ளி நட்டு ஒரு வருடம் வளர்த்தால், மறு வருடம் வரப்பு முழுக்க நடும் அளவுக்குத் தூர் பிரிக்கலாம். நான் அப்படித்தான் பெருக்கினேன்.

தூர் பிரிப்பது

இந்த வேலையைப் பதறாமல் செய்ய வேண்டும். முதலில் குத்தை ஒரு சாண் உயரத்துக்கு அரிவாளால் அறுத்துவிடுங்கள். இலை ஓரம் கையைக் கீறும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கையால் பிடுங்கிப் பார்க்க வேண்டாம், வராது. சுற்றிலும் ஓரடி தள்ளி மண்வெட்டியால் பறித்து, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்புங்கள். வேர் அறுபடும்போது "பட், பட்" என்று சத்தம் கேட்கும், அப்போதே மண்ணோடு சேர்ந்து வாசனை எழும்பும். குத்தைத் தண்ணீரில் அலசி, இரண்டு மூன்று சிம்பு (அடியிலிருந்து கிளைத்த தனித் தண்டு) சேர்ந்தாற்போல் கையாலேயே பிளந்தெடுங்கள். ஒற்றைச் சிம்பும் பிழைக்கும், ஆனால் காய்ந்த மண்ணில் நம்ப முடியாது.

பிரித்ததும் அடியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பழுப்பு உறைகளை உரித்துப் பாருங்கள். உள்ளே வெண்மையாக, ஈரமாக, கெட்டியாக இருந்தால் உயிருள்ளது. உள்ளே கூடாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். பூத்தண்டு விட்ட சிம்பு மறுபடி வளராது, அதையும் ஒதுக்குங்கள். நல்லதில் வேரை நான்கு விரற்கடை மட்டும் விட்டு நறுக்கிவிடுங்கள். நீள வேரைச் சுருட்டிப் புதைத்தால் அது அழுகும், புது வேர்தான் பிடிக்கும். கடைசியாகச் சாணிக் கரைசலில் முக்கி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். அன்றே நட்டால் உத்தமம், மூன்று நாளைத் தாண்ட விடாதீர்கள்.

எப்போது நடுவது

மழை தொடங்கும்போது நட வேண்டும். தண்ணீர் ஊற்ற வசதி உள்ளவர்கள் ஆடிப் பட்டத்திலேயே நட்டு, ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்கச் செய்யலாம். மானாவாரியாக இருந்தால் புரட்டாசி மழை ஈரத்தில் நடுங்கள். கொட்டும் மழையில், நேற்று நட்ட நாற்று சரிவில் நிற்காது, மண்ணோடு போய்விடும். வளர்ந்த குத்து வாரக்கணக்கில் வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும், வறட்சியையும் தாங்கும். அந்தத் தாங்குதிறன் எல்லாம் வேர் இறங்கிய பிறகுதான். முதல் மூன்று மாதம் அது ஒரு குழந்தை.

வரப்பு நடவு

சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் கோடு போட வேண்டும். கண்ணால் பார்த்து மட்டம் சொல்ல முடியும் என்று நினைக்காதீர்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயே போதும். கண்ணாடி போலத் தெரியும் நீளக் குழாயில் நீர் நிரப்பி, இரண்டு முனைகளிலும் ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடித்து, நீர்மட்டம் இரண்டு குச்சியிலும் ஒரே உயரத்தில் நிற்கும் இடத்தில் முளை அடித்துக்கொண்டே போங்கள். முளைகளை இணைத்தால் கோடு வளைந்து வளைந்து போகும். அப்படிப் போனால்தான் சரி. நேர்க்கோடாக நட்டால் தண்ணீர் ஒரு முனைக்கு ஓடி அங்கே உடைக்கும்.

கோட்டின் மேல் ஒரு சாண் ஆழத்தில் சால் எடுத்து, கொஞ்சம் மட்கிய எரு போட்டு, அரை அடிக்கு ஒரு நாற்றாக வைத்து, அடித்தண்டு இரண்டு விரல் ஆழம் மூடும்படி மண்ணைத் தள்ளிக் காலால் மிதியுங்கள். மிதிப்பது முக்கியம். அடியில் காற்று இருந்தால் காய்ந்துவிடும். நட்ட மறுவாரம் ஒரு இலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நாற்றே கையோடு வந்தால் மிதித்தது போதாது. ஒற்றை வரிசை போதும். செங்குத்தான மேடாக இருந்தால் ஒவ்வொரு ஒன்றரை மீட்டர் இறக்கத்துக்கும் இன்னொரு வரிசை வையுங்கள்.

முதல் மழைக்காலம் முடியும் வரை இரண்டு வேலைதான். களை எடுப்பது ஒன்று, செத்த நாற்று இருந்த இடத்தில் உடனே வேறு நடுவது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் பலர் செய்வதில்லை. ஒரு பல் விழுந்த இடத்திலேயே தண்ணீர் கூடி, வேகமெடுத்து, பள்ளம் பறிக்கும். இடைவெளி இல்லாத வேலி ஆகிவிட்டால், வந்து மோதும் தண்ணீர் வேகம் குறைந்து, சீப்பில் வாரியது போல வேலியின் ஊடே பரவிக் கசியும். சுமந்து வந்த மண்ணை மேல்பக்கத்திலேயே படியவைத்துவிட்டுப் போகும். எங்கள் மேட்டில் மூன்றாம் வருடம் வேலிக்கு மேல்பக்கம் ஒரு முழம் மண் சேர்ந்திருந்தது. நாங்கள் மண்வெட்டி தொடவில்லை, தானாகவே படிக்கட்டு போல ஆகியிருக்கிறது.

இது புது விஷயமும் இல்லை. மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் தலைமுறைகளாக வயல் எல்லையில் இந்தப் புல்லை வேலியாக வைத்து வந்திருக்கிறார்கள். 1950களில் பிஜித் தீவின் கரும்புச் சரிவுகளில் வேளாண் வல்லுநர் ஜான் கிரீன்ஃபீல்டு இதை நட்டார். 1980களில் அவரும் ரிச்சர்டு கிரிம்ஷாவும் உலக வங்கிப் பணியாக இந்தியாவில் இருந்தபோது மண் காப்புக்கு இதையே முன்வைத்தார்கள். தாய்லாந்தில் மன்னர் பூமிபோல் 1991 முதல் இதைப் பரப்பினார். வியட்நாமில் ஹோ சி மின் நெடுஞ்சாலையின் வெட்டுச் சரிவுகளை இந்தப் புல் தாங்கி நிற்கிறது. நம் சொல்லைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் போன புல், நம் ஊர் ஏரிக்கரைகளில் இன்னும் அரிதாகத்தான் தெரிகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

வேலியை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிடுங்கள். அறுத்தால் தூர் வெடித்து அடர்த்தியாகும். இளந்தழையை மாடு தின்னும், முற்றியதை மரத்தடியில் மூடாக்காகப் போடலாம், கூரையும் வேயலாம். காய்ந்த சோகையை அடியில் சேர விடாதீர்கள், கறையான் ஏறும். வேர் எண்ணெயில் உள்ள நூட்கடோன் என்ற பொருள் கறையானை விரட்டுகிறது என்று அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்திருக்கிறார்கள். ஆனால் காய்ந்த இலைக்கு அந்தக் காப்பு இல்லை.

வேருக்கு நடுவது

இதற்கு மணல்தான் நல்லது. களிமண்ணில் வேர் வளராமல் இல்லை, ஆனால் எடுக்க முடியாது, எடுத்தாலும் மண் போகாது. கடலூர்க் கடற்கரையிலும், கேரளத்தில் பொன்னானிக்குத் தெற்கே பாலப்பெட்டிக் கடற்கரையிலும் இது பயிராக நிலைத்ததற்கு அங்குள்ள மணல்தான் காரணம். நிலத்தில் நட்டால் ஒன்றரை அடிக்கு ஒன்று வையுங்கள். நட்ட முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், பிறகு மண் காய்வதைப் பார்த்து வாரம் ஒருமுறை.

நிலம் இல்லாதவர்கள் பழைய சிமெண்ட் சாக்கை நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மட்கிய எரு கலந்து முக்கால் வரை நிரப்புங்கள். அடியில் ஐந்தாறு துளை போட்டு, செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். தரையில் வைத்தால் வேர் சாக்கைத் துளைத்துக்கொண்டு பூமிக்குள் இறங்கிவிடும், பிறகு சாக்கு நகராது. மொட்டை மாடி இதற்கு அருமையான இடம், வெயிலுக்குக் குறைவே இருக்காது. ஒரு சாக்குக்கு இரண்டு நாற்று போதும்.

அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஆறேழு மாத வேர் வெளுப்பாக, தண்ணீரில் நின்ற நூல் போல இருக்கும், வாசனை மட்டாக இருக்கும். 12 மாதத்துக்குக் குறையாமல், முடிந்தால் 18 மாதம் விடுங்கள். மழை ஓய்ந்து மண் உலர்ந்த தை, மாசியில் எடுப்பது நல்லது. சாக்கு என்றால் பக்கவாட்டில் கத்தியால் கிழித்து, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் மண் உதிர்ந்து வேர் சடைபோலத் தொங்கும். தூரை ஒட்டி அறுத்து, அலசி, நிழலில் பரப்பி இரண்டு நாள் உலர்த்துங்கள். கடும் வெயிலில் போட்டால் வாசனை பறந்துவிடும்.

எண்ணெய் எடுத்து விற்கலாம் என்று கனவு காண்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த வேரில் எண்ணெய் ஏறக்குறைய 1 சதவீதம்தான், அதுவும் இறங்கி வர ஒரு நாள் முழுக்கக் கொதிகலன் எரிய வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் செப்புப் பாத்திரம் வைத்து வடிக்கிறவர்களுக்கு அது தலைமுறைத் தொழில். ஐந்து சென்ட் நிலத்துக்கு வேராகவே விற்பதுதான் கணக்குக்கு ஒத்து வரும்.

இப்படி எண்ணெய் எடுத்த வேரைக் காயவைத்து மறுபடி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை சந்தையில் அப்படி ஏமாந்து, ஒரு கட்டு வைக்கோலை வாங்கி வந்தேன். கடையிலேயே இரண்டு இழையை வாயருகே வைத்து ஊதி ஈரப்படுத்தி முகர்ந்து பாருங்கள். நல்ல வேர் ஈரம் பட்டவுடன் மழை விழுந்த மண்ணும் மரமும் கலந்தது போல மணக்கும். சக்கை மணக்காது.

இன்னொரு எச்சரிக்கை. சாக்கடை, கழிவுநீர் ஓடும் இடத்தில் இந்தப் புல்லை வைத்தால் அழுக்கை நன்றாக உறிஞ்சும், உலோக நச்சுகளை வேரிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். கழிவுநீரைத் தெளியவைக்கவே பல நாடுகளில் இதை நடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்து வேரைக் குடிநீர்ப் பானைக்கு எடுக்கக் கூடாது. பானைக்கு வேண்டியதைச் சுத்தமான மண்ணில் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள்.

வேர் எடுத்த அன்றே அறுத்துப் போட்ட தூர்களைக் கவனியுங்கள், அவைதான் உங்கள் அடுத்த நாற்று. பிரித்து, சாணிக் கரைசலில் முக்கி, புதிதாக நிரப்பிய சாக்குகளில் பொழுது சாய்வதற்குள் நட்டுவிடுங்கள். அப்புறம் உலர்ந்த வேரிலிருந்து ஒரு சிறு பிடி எடுத்து, நன்றாக அலசி, பருத்தி நூலால் கட்டிப் பானையில் போடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை வெளியே எடுத்து உலர்த்திவிட்டுத் திரும்பப் போடலாம். வாசனை தேய்ந்த பிறகு அதைத் துணி அலமாரியில் வைத்துவிடுங்கள்.